கக்கினதுக்கு ஒரு கச்சேரியா?

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்க? ராத்திரி ரெண்டு தடவை கக்கிட்டியாமே. தெரியும்லே, தெருவுக்கே தெரியும். நீதான் குடும்ப வாட்ஸ்அப்புல போட்டுட்டியே. சேதி மட்டுமா போட்ட? போட்டோவும்லா போட்டிருக்க! காலையில அதைத் திறந்து பாத்த உங்க அத்தை, குடிச்ச காப்பியத் துப்பிட்டு வாசலுக்கு ஓடினா. ஒருத்தன் கக்கினதப் பாத்தா அடுத்தவனுக்கும் குமட்டும். அது மனுச உடம்போட சுபாவம். அது கூடத் தெரியாமலா படிச்ச?

சரி, கக்கினியே, அடுத்து என்ன செஞ்ச? வாயக் கொப்புளிச்சியா? தண்ணி குடிச்சியா? இல்ல. போனை எடுத்து அதுகிட்டக் கேட்டிருக்க. அது என்ன சொல்லிச்சு? குடல் அடைப்புன்னுச்சு, கல்லீரல்னுச்சு, கடைசியில மூளையில கட்டின்னுச்சு. நீயும் விடிய விடிய மண்டையத் தடவிப் பாத்துட்டு உக்காந்திருக்க. 'நேத்து ராத்திரி என்னல தின்ன?'ன்னு அது ஒரு வார்த்தை கேட்டுச்சா? கேக்காது. அதைக் கேக்கதுக்கு உங்க ஆச்சிதான் வரணும்.

அவ கேட்டா. நீயும் சொன்ன. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஃப்ரைடு ரைசு. அப்படிச் சொல்லு! அந்தக் கடைய நான் தினம் பாக்கேன்லா. மத்தியானமே சோத்த வடிச்சு, அகலமான அலுமினியத் தாம்பாளத்துல குவிச்சு, மேல ஒரு ஈரத்துணியப் போட்டு வச்சிருப்பான். சித்திரை வெயிலு. குவியலுக்கு உள்ள கைய விட்டா சாயங்காலம் வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கும். பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு. மண்ணுல கிடக்கது, அரிசியோடயே கூட வரும். சோறு கொதிச்சாலும் அதோட வித்து சாகாது. வெதுவெதுப்புல கிடந்தா முளைச்சுப் பெருகி, ஒரு விஷத்த ஊறப் போட்டிரும். அப்புறம் ராத்திரி அவன் வாணலியத் தூக்கித் தூக்கி ஆட்டி, தீ மேல வர வறுக்கான். நீ வாயப் பொளந்து வீடியோ எடுக்க. கிருமி செத்திரும். விஷம் சாகாதுலே! தின்ன ஒரு மணி நேரத்துல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள அது வேலையக் காட்டும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள தானா அடங்கியும் போகும். அம்புட்டுத்தான் உன் மூளைக் கட்டி.

வாந்திய நீ ஒரு வியாதின்னு நினைக்க. அது வியாதி இல்ல. டவுன் பஸ்சுல டிக்கெட் எடுக்காதவன விசில் அடிச்சு நடுரோட்டுல இறக்கி விடுதான் பாரு கண்டக்டரு, அந்த வேலைதான் அது. மூளைக்குக் கீழ முகுளம்னு ஒரு பகுதி. ரத்தத்துல ஆகாதது ஏதாவது வருதான்னு பாக்கதுக்குன்னே அங்கன ஒரு இடம் இருக்கு. மூளையில பெரும்பாலான இடத்துக்கு ரத்தத்துல வாரது லேசுல போயிராது, கட்டுக்காவல் உண்டு. இந்த இடத்துக்கு அந்தக் காவல் கிடையாது. அங்க இருந்தும் தகவல் போகும், குடல்ல இருந்தும் தகவல் போகும். ரெண்டுல எது விசில் அடிச்சாலும் வண்டி நின்னிரும்.

அதுக்கு முன்னாடி உடம்பு என்னெல்லாம் ஏற்பாடு பண்ணுது பாத்தியா? வாயில எச்சி கடகடன்னு ஊறும். எதுக்கு? வயித்துல இருந்து வாரது அமிலம்லா. பல்லுல பட்டா அரிச்சிரும். அதுக்குத்தான் முதல்லயே எச்சியால அலசி விடுது. அடுத்து மூச்சுக் குழல் மூடிக்கிடும். அப்புறம் உதரவிதானமும் வயித்துத் தசையும் சேந்து ஒரு அமுக்கு. இரைப்பை சும்மாதான் கிடக்கு, பிழிஞ்சு எடுக்கது வெளியில இருக்க தசைதான். இன்னைக்கு உனக்கு விலாவுக்குக் கீழ வலிக்குதுல்லா? அது புண்ணும் இல்ல, புத்தும் இல்ல. ஓங்கரிச்ச அலுப்பு.

இந்த வரம் எல்லாருக்கும் கிடையாது, கேட்டியா. எலியால கக்க முடியாது. எலி மருந்து எலிய அடிக்கதுக்கு அதுவும் ஒரு காரணம். தின்னா தின்னதுதான். உனக்குத் திருப்பி அனுப்ப வழி இருக்கேன்னு சந்தோசப்படுவியா, மூக்கால அழுவியா?

இன்னொண்ணு. கக்கி முடிச்ச கையோட பிரஷ்ஷ எடுத்துக் கரகரன்னு தேய்க்காத. அமிலம் பட்ட பல்லு மேல்தோல் இளகி இருக்கும். தேய்ச்சா அது தேஞ்சு போகும். தண்ணிய விட்டுக் கொப்புளி. அரை மணி கழிச்சுப் பல்லு வெளக்கு. நாத்தம் அரை மணி இருந்தா குடியா முழுகிரும்?

சரி, இப்ப மாத்திரைக்கு வருவோம். மெடிக்கல்ல போயி, 'அண்ணே, வாந்தி நிக்க ஒண்ணு குடுங்க'ன்னு ஒண்டான்செட்ரான வாங்கிட்டு வந்திருக்க. அது எதுக்கு வந்த மருந்து தெரியுமா? புத்துநோய்க்கு மருந்து ஏத்துனா உயிரே போற மாதிரிக் கக்குவாக. அவுகளுக்காக 1990 வாக்குல வந்தது. நல்ல மருந்துதான். டாக்டர் பாத்துச் சின்னப் புள்ளைக்குக் கூடக் குடுப்பாரு. ஆனா நீயா வாங்கி நீயா முழுங்கி, விசிலப் புடுங்கிட்டா ஆச்சா? உள்ள இருக்க ஆளு இறங்க வேண்டாமா? போன தண்ணி திரும்பி வர வேண்டாமா? கக்கலுல ஆளைச் சாய்க்கது கக்கல் இல்லடே. அதோட போற தண்ணியும் உப்பும்.

அந்தத் தண்ணிய எப்படி உள்ள அனுப்புறது? அங்கனதான் உன் கூறு தெரியும். தாகமா இருக்குன்னு ஒரு சொம்பை ஒரே மடக்குல குடிப்ப. நீட்டி விரிஞ்ச வயிறு அதை அப்படியே திருப்பி அனுப்பும். 'தண்ணி கூட நிக்க மாட்டேங்கு'ன்னு ஒப்பாரி வைப்ப. கக்குனதும் அஞ்சு பத்து நிமிசம் வயித்தச் சும்மா விடு. அப்புறம் தேக்கரண்டிய எடு. ஒரு நிமிசத்துக்கு ஒரு கரண்டி. பைய, பைய. சிரிக்காதலே, கணக்குப் போடு. ஒரு கரண்டி 5 மில்லின்னா மணிக்கு 300 மில்லி. கால் லிட்டருக்கு மேல ஆச்சுல்லா? கைப்புள்ளைக்கும் இதே கரண்டி வைத்தியம்தான். தாய்ப்பால் குடிக்க புள்ளைக்குப் பால நிறுத்தாத. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கணும்.

கரண்டியில என்ன ஊத்த? ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர்தான். நீ என்ன செய்த? கால் பொட்டலத்த ஒரு டம்ளர்ல தட்டி, 'கெட்டியா இருந்தா சக்தி சாஸ்தி'ன்னு அடுத்த தடவை அரைப் பொட்டலத்தத் தட்டுத. டம்ளருக்கு டம்ளர் கண்ணளவு! உப்பு ஏறிப் போனா புள்ளைக்கு வலிப்பு வந்திரும்லே. கலக்கினத 24 மணி நேரத்துக்கு மேல வைக்கவும் கூடாது. பொட்டலம் இல்லியா? கொதிச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில தலை தட்டின ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அரைன்னா அரை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணியும் ஆகும். இளநியில உப்புச்சத்து கம்மி, அதை மட்டும் நம்பி இருக்காத. கோலி சோடா ஏப்பம் விட உதவும், வேற எதுக்கும் உதவாது.

உப்பு சரி, சீனி எதுக்குன்னு கேக்கியா? இப்பத்தான் உருப்படியா ஒண்ணு கேட்டிருக்க. சீனி கூட வந்தாத்தான் குடல் உப்பை மளமளன்னு உள்ள எடுக்கும். உப்பு போன இடத்துக்குத் தண்ணி பின்னாலயே போகும். இதை வச்சு ஒரு மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? 1971. வங்காளதேசப் போர். எல்லை தாண்டி வந்த சனம் பன்காவ்ங்கிற ஊருல முகாம்ல கிடக்கு. காலரா. கக்கலும் கழிச்சலும். ஏத்துற சலைன் பாட்டில் தீந்து போச்சு. திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டரு. உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு மூணையும் பீப்பாயில கரைச்சு வச்சு, ஆத்தா அப்பன் கையிலயே டம்ளரக் குடுத்துட்டாரு. 'நீயே உன் புள்ளைக்குக் குடு'ன்னுட்டாரு. நூத்துக்கு முப்பது பேரு செத்துக்கிட்டு இருந்த இடத்துல நாலு பேருக்கும் கீழ வந்துச்சு சாவு. இந்த நூத்தாண்டோட ஆகப் பெரிய மருத்துவ முன்னேற்றம் இதுவாத்தான் இருக்கும்னு 1978-ல லான்செட் பத்திரிகை எழுதிச்சு. அந்த மனுசன் 2022-ல போய்ச் சேந்தாரு. பத்ம விபூஷண் அடுத்த வருசம் வந்துச்சு. நம்ம நாட்டுல மாலை எப்பவும் கொஞ்சம் தாமதமாத்தான் வரும்.

அவ்வளவு பெரிய சங்கதிய நம்ம கடைக்காரன் என்ன பண்ணினான்? வண்ண அட்டைப் பெட்டியில பழ ருசிச் சர்பத்த ஊத்தி, குழல் சொருகி, மேல 'ஓ.ஆர்.எஸ்.'னு எழுதிட்டான். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குல லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசுதான் உண்டு. இவன் சர்பத்துல சீனி அதுக்குப் பல மடங்கு. சீனி மிஞ்சினா குடலுக்குள்ள தண்ணி இறங்கி, கழிச்சல் இன்னும் கூடும். ஹைதராபாத்துல சிவரஞ்சனி சந்தோஷ்னு ஒரு குழந்தை டாக்டரம்மா, வருசக்கணக்கா கத்திக் கத்தி, கடைசியில 2025 அக்டோபர்லதான், கணக்குப்படி இல்லாத பானத்துல அந்தப் பேர் போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவு போட்டுச்சு. அது வரைக்கும் நீ எத்தன பெட்டி உறிஞ்சின? ஆரஞ்சுப் படம் போட்டிருந்தா போதும், உனக்கு அது மருந்து!

அதைவிட வேடிக்கை, பாட்டில் ஏத்துற பவுசு. டாக்டர் 'கரண்டியால குடு'ன்னு சொன்னா, 'என்ன டாக்டர் இவரு, ஒண்ணுமே செய்யல'ன்னு அடுத்த கிளினிக்குக்கு ஓடுத. அங்க ஒரு பாட்டிலைத் தொங்க விட்டாத்தான் உனக்கு மனசு நிறையும். அந்த அரை லிட்டர் சலைன்ல என்ன இருக்கு? நாலரை கிராம் உப்பு. குளுக்கோஸ் பாட்டில்ல? 25 கிராம் சீனி, அஞ்சாறு கரண்டி. ஆளு மயங்கிக் கிடக்கான், உள்ள எதுவுமே தங்கலன்னா அந்த பாட்டில் தெய்வம். அதை டாக்டர் சொல்லுவாரு. காலாட்டிக்கிட்டு ரீல்ஸ் பாத்துக்கிட்டு ஏத்துறதுக்கு அது என்ன அபிஷேகமா?

உன்னையே ஏசுதேன்னு நினைக்காத. எங்க காலத்து ஆளுக கூத்து இதுக்குக் குறைஞ்சதில்ல. புள்ள கக்கினா 'தொக்கம் விழுந்திருச்சு'ன்னு தூக்கிட்டு ஓடுவாக. அங்க ஒரு கிழவி புள்ள வயித்தத் தடவுவா, வாய வச்சு ஊதுவா, உறிஞ்சுவா, கடைசியில தன் உள்ளங்கையில ஒரு தேங்காச் சில்லத் துப்பிக் காட்டுவா. பாத்தவுக எல்லாம் கன்னத்துல போட்டுக்கிடுவாக. புள்ளைக்கு நாலு மாசம். தாய்ப்பாலத் தவிர வேற அறியாது. அதுக்கு ஏதுடே தேங்காச் சில்லு? ஒருத்தரு கேக்கணும்லா? கேட்டா சாமி குத்தம்.

இதாவது போகட்டும். விளையாட்டுப் புள்ள தண்ணி பாட்டில்ல இருந்த மண்ணெண்ணெயக் குடிச்சிட்டா, சாணியக் கரைச்சு ஊத்துவாக, சோப்புத் தண்ணிய ஊத்துவாக, உப்பைக் கரைச்சு ஊத்துவாக, தொண்டையில விரலை விடுவாக. கூடவே கூடாது! மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள்ள இறங்கிரும். ஆளைக் கொல்லுறது அதுதான். கக்கூசு கழுவுற ஆசிட்டு போகும்போது ஒரு தடவை பொசுக்கும், வரும்போது இன்னொரு தடவை பொசுக்கும். எதையும் ஊத்தாத. 108-க்குப் போன் போடு. குடிச்ச பாட்டிலக் கையோட கொண்டு போ. வைத்தியன் வேலைய வைத்தியன் பாக்கட்டும். அதே மாதிரி, கூட்டாளி குடிச்சிட்டு நினைவில்லாமக் கிடந்தா மல்லாக்கப் போட்டுட்டுப் போயிராத. கக்கினது மூச்சுக்குழல்ல போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுக் கூடவே இரு. எழுப்பியும் எந்திரிக்கலன்னா அங்கயும் 108-தான்.

பஸ் கக்கலுக்கு வருவோம். கொல்லிமலைக்குப் போயி, எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் வளைவுக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டினியாமே. தலைய நீட்டுறது அதைவிட ஆபத்துடே, எதுத்தாப்புல வண்டி வராதா? கையில ஒரு பை வச்சுக்கோ. எதுக்கு வந்துச்சு? காதுக்குள்ள இருக்க கருவி 'ஆடுறோம், ஆடுறோம்'ங்கு. கண்ணு கையில இருக்க போனைப் பாத்து 'ஒண்ணும் ஆடல'ங்கு. ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சாட்சி சொன்னா வயிறு என்ன தீர்ப்புச் சொல்லும்? முன் சீட்டுல உக்காரு. தூரத்து மலையப் பாரு. காத்து வரட்டும். வயிறு முட்டத் தின்னுட்டு ஏறாத. மாத்திரை போடுறதுன்னா கிளம்பும் முன்னாடியே போடணும், கக்க ஆரம்பிச்ச பொறவு போட்டா அதுவும் சேந்து வெளிய வரும். ஓட்டுற டிரைவர் ஏன் கக்கல? அவன் கண்ணு ரோட்டுல இருக்கு, அடுத்த வளைவு அவனுக்கு முன்னாடியே தெரியும். வெக்கப்படாத. 1968-ல நிலாவச் சுத்தப் போன அப்பல்லோ 8-ல பிராங்க் போர்மன் கக்கியிருக்காரு. அவரு அந்த வண்டிக்கே தலைவரு!

உன் பொண்டாட்டி மசக்கையா இருக்காளாமே. சந்தோசம். காலையில மட்டும்தான் வரணும்னு அது சட்டம் படிக்கல, நாள் முழுக்க வரும். ஆறாவது வாரம் வாக்குல தொடங்கும், நாலஞ்சு மாசத்துல பெரும்பாலும் அடங்கிரும். அவ நடிக்கான்னு உங்க அம்மா சொன்னா, ஜி.டி.எஃப் 15-னு ஒரு ஹார்மோனுதான் பெரிய காரணம்னு 2023-லயே கண்டு சொல்லிட்டாகன்னு சொல்லு. எந்த வாடை ஆகலியோ அந்தத் தாளிப்ப நீ போயித் தாளி. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடு. இஞ்சி கொஞ்சம் கேக்கும். ஆனா மாத்திரைய நீயா வாங்கிக் குடுத்திராத. 1957-ல ஜெர்மனியில தாலிடோமைடுன்னு ஒரு மாத்திரை வந்துச்சு. மசக்கைக்கும் குடுத்தாக. பத்தாயிரத்துக்கு மேல புள்ளைக கையும் காலும் குறைஞ்சு பிறந்துச்சுக. 1961-லதான் அங்க நிறுத்தினாக. அமெரிக்காவுல பிரான்சிஸ் கெல்சின்னு ஒரு அம்மா, 'ஆபத்தில்லைங்கதுக்கு அத்தாட்சி எங்கே?'ன்னு கேட்டுக் கேட்டுக் கையெழுத்தே போடல. ஒரு கேள்வி எத்தன புள்ளையக் காப்பாத்திச்சு பாத்தியா? அதனால டாக்டரக் கேட்டுட்டுக் குடு. எடை குறைஞ்சு, தண்ணி கூடத் தங்கலன்னா காத்திருக்காதே.

புள்ள பிறந்த பொறவும் கக்கும். பாலக் குடிச்சிட்டு வாயோரம் தயிராட்டம் வழிய விட்டுட்டுச் சிரிச்சா, துடைச்சு விட்டுட்டுப் போ. எடை ஏறுதா, அது போதும். பீய்ச்சி அடிச்சா, பச்சையா வந்தா, அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடு.

எப்ப ஓடணும்கத இப்பச் சொல்லிருதேன். இதுக்கு மட்டும் சிரிக்காமக் கேளு. ரத்தமா வந்தாலோ, காப்பித்தூள் கரைச்ச நிறத்துல வந்தாலோ ஓடு. தலையில அடிபட்ட பொறவு கக்கினா ஓடு. தாங்காத தலைவலி, கழுத்து விறைப்பு, வயித்துல பொறுக்க முடியாத வலின்னா ஓடு. சர்க்கரை இருக்கவங்க விடாமக் கக்கினா ஓடு. வயசாளி நெஞ்சு அமுக்குது, வேர்க்குது, குமட்டுதுன்னு சொன்னா, அவரு 'வாயுடா, பெருங்காயத்தக் கொண்டா'ன்னுதான் சொல்லுவாரு. கேக்காத. எங்க சேக்காளிகள்ல பாதிப் பேரு அந்த வாயுலதான் போனானுக. தூக்கி வண்டியில போடு.

மத்தபடி எல்லாத்துக்கும் ஒரு அளவுகோல் வச்சிருக்கேன். உன் கைக்கடியாரம் நாடியச் சொல்லும், நடந்த தூரத்தச் சொல்லும், தூங்கினதச் சொல்லும். ஒண்ணுக்குப் போனியான்னு கேக்குமா? அதைத்தான் நீ கேக்கணும். எட்டு மணி நேரமா மூத்திரம் போகல, சின்னப் புள்ளைன்னா ஆறு மணி நேரமா போகல, நாக்கு வறண்டு, கண்ணு குழி விழுந்து, அழுதா கண்ணீர் வரலன்னா, அப்ப வீட்டு வைத்தியத்துக்கு வேலை முடிஞ்சு போச்சு. மூத்திரம் போகுது, ஆளு பேசுதான், கரண்டித் தண்ணி தங்குதுன்னா, நீ சும்மா இருந்தாலே பாதி வைத்தியம். பசிச்சா ரசஞ்சோறு தின்னு. பசிக்காட்டா ஒரு வேளை தின்னாம இரு. உலகம் நின்னிராது.

வீட்டுல இருபதாயிரம் ரூவா போன் இருக்கு. ஒரு லிட்டர் அளக்கப் பாத்திரம் இருக்கா? போயித் தேடு. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பொட்டலம் சும்மாவே குடுப்பாக, ரெண்டு வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல வை. மேல போட்டிருக்க தேதியப் பாத்துக்கோ. கரண்டி ஆச்சிகிட்ட இருக்கு. கூறு மட்டும் நீயாத்தான் தேடிக்கிடணும்லே. அது கடையில கிடைக்காது. கிடைச்சா அதுக்கும் ஆரஞ்சு ருசி சேத்து, குழல் சொருகி வித்திருப்பானுக.